ஐம்பத்திரண்டுக்குக் கீழே

எடை பார்ப்பதென்றால் காலையில், காபிக்கு முன்னால் பார்க்க வேண்டும். காபிக்குப் பிறகு பார்ப்பவர்கள் காபியையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். என் மனைவி ஜகதாம்பாளுக்கு இதை முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். அவள் இன்றுவரை டிபனை முடித்துக்கொண்டுதான் தராசில் ஏறுகிறாள். ஏறிவிட்டு, கூடுதலாக வந்த எடைக்கு என்னைக் குறை சொல்கிறாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் எடை என்பது எப்போதுமே கொஞ்சம் மரியாதைக்குரிய விஷயம். நான் அரசாங்கத்தின் எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் பாலசுப்ரமணியன், வயது அறுபத்து மூன்று, வீடு பாலிகஞ்ச். மற்ற விவரங்கள், மாஜிஸ்திரேட் அவர்களே, உங்கள் மேஜையிலுள்ள தாளில் இருக்கின்றன. வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயமில்லை, கொடுத்தால் எனக்கு எதிராகவே பயன்படும் என்று சொன்னீர்கள். யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்தீர்கள். நன்றி. அந்த ஒரு நாளில் நான் யோசித்தது குறைவு, தூங்கியது அதிகம்.

தமிழில் எழுதித்தர அனுமதி கேட்டபோது அலிப்பூர் கோர்ட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். தொண்ணூற்றைந்து வருடத்துக்கு முன்னால் என் தாத்தா கல்கத்தாவுக்கு வந்தார். வங்காளி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் எண்களைத் தாய்மொழியில் சொன்னால் பிசகாது என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான். இன்னொரு காரணமும் உண்டு. என் மகள் மதுவந்திக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எப்படியும் இதை வங்காளியில் மொழிபெயர்ப்பார்கள் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, அப்படியே தொடர்கிறேன்.

மதுவுக்கு இருபத்தைந்து வயது. சின்ன வயதில் பரதநாட்டியம் கற்றுக்கொள்ள அனுப்பினோம். அங்கே கற்றுக்கொண்டதில் உதைக்கும் பகுதி மட்டும் நன்றாக வந்தது போலிருக்கிறது. ஆறு வருடமாகக் காளிகாட் பக்கம் ஒரு கிளப்பில் கிக்பாக்ஸிங் பழகுகிறாள். அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, எடைப் பிரிவு. பெண்களுக்கு ஐம்பத்திரண்டு கிலோ பிரிவு என்றால் ஐம்பத்திரண்டு வரை. 52.0 என்றால் உள்ளே, 52.1 என்றால் வெளியே. இவ்வளவு தெளிவான சட்டம் நம் நாட்டில் வேறு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். மதுவின் இயல்பான எடை 51.6. எதையும் குறைக்க வேண்டாம், கூட்ட வேண்டாம். அந்தப் பிரிவை அவளுக்காகவே யாரோ அளந்து வைத்தது போல் எனக்குத் தோன்றும்.

ஹர்ஷினி எங்கள் மாடி அறைக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். கோவில்பட்டிப் பெண், வயது இருபத்து நான்கு, செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுடைய அப்பா கோவிந்தராஜன் போனில் பேசினார். தமிழ்க் குடும்பம், வீட்டில் அவள் வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கடலைமிட்டாய் கொண்டுவருவாள். பாக்கெட்டில் 200 கிராம் என்று போட்டிருந்தது. எடை போட்டுப் பார்த்தேன், 204 இருந்தது. நல்ல மனிதர்கள் இருக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த முதல் மாதமே மது அவளைக் கிளப்புக்கு அழைத்துப் போனாள். ஹர்ஷினி கல்லூரியில் இருக்கும்போதே ஏதோ பழகியிருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. அவள் வீட்டிலும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் மதுவுக்குச் சமமாக நின்றாள். ஒரு வருடத்தில் மதுவைத் தோற்கடித்தாள். அதன் பிறகு இரண்டு தடவை.

அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விளையாட்டு என்றால் ஒருவர் தோற்கத்தான் வேண்டும். ஆனால் ஹர்ஷினியின் எடை 56.3. எங்கள் வீட்டுத் தராசில் முதல் தடவை ஏறியபோது நானே பார்த்த எண். போட்டிக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து சோற்றைக் குறைப்பாள், பிறகு உப்பைக் குறைப்பாள், கடைசி இரண்டு நாள் தண்ணீரைக் குறைப்பாள். எடை பார்க்கும் நாளில் சரியாக 52. பார்த்து முடித்ததும் தண்ணீர், மோர், சோறு. மறுநாள் சண்டைக்கு நிற்கும்போது 55. பாக்கெட்டின் மேலே ஐம்பத்திரண்டு, உள்ளே ஐம்பத்தைந்து. நான் என் சர்வீஸில் இதைவிடச் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் கேஸ் போட்டிருக்கிறேன்.

ஒரு தடவை அவளிடமே சொன்னேன்.

"எல்லாருமே இப்பிடித்தான் செய்றாங்க அங்கிள்," என்றாள் சிரித்துக்கொண்டு.

லேக் மார்க்கெட்டில் மீன் விற்பவர்களும் தட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கும்போது இதே பதிலைத்தான் சொல்வார்கள். அங்கே எனக்கு ஓஜன்பாபு என்று பெயர். ஓஜன் என்றால் வங்காளியில் எடை. நான் ரிட்டயர் ஆன பிறகும் நான் காய்கறி வாங்க வரும்போது தராசைத் துடைத்து வைப்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மது தோற்றதில் எனக்கு வருத்தமில்லை என்றேன். தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று தடவையும் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, வழியில் புச்கா என்கிற இந்த ஊர்ப் பானிபூரி வேறு சாப்பிட்டுவிட்டு, புளித்தண்ணீர் வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்தார்கள். உதடு கிழிந்திருந்தது என் பெண்ணுக்கு. ஜகதாம்பாள் இருவருக்கும் ஒன்றாகத் தோசை வார்த்துப் போட்டாள். அந்த வீட்டில் ஒரு தப்பு நடந்திருப்பதை உணர்ந்தவன் நான் ஒருவன்தான்.

இந்த வருடம் மே மாதம் மாநிலப் போட்டி. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதலாவதாக வருபவர் மட்டும் தேசியப் போட்டிக்கு வங்காள அணியில் போகலாம். ஒரே ஒரு இடம். ஆகஸ்டில் மதுவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை பெங்களூர். ஆக அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஹர்ஷினி ஐம்பத்தாறு கிலோ பிரிவில் நின்றால் அங்கே அவளை அடிக்க ஆளில்லை. கோச்சே சொல்லியிருக்கிறார். மது இங்கே ஜெயிப்பாள், ஹர்ஷினி அங்கே ஜெயிப்பாள், இரண்டு பேரும் ஒரே ரயிலில் போவார்கள். இதைச் சாப்பாட்டு மேஜையில் எடுத்துச் சொன்னேன்.

"மதுவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் அங்கிள். ஃபைனல்ல நாங்க ரெண்டு பேரும்தான்," என்றாள் ஹர்ஷினி.

"அப்பா, ப்ளீஸ், நீ இதுல வராதே," என்றாள் மது. "ஹர்ஷினிதிய அடிச்சு ஜெயிச்சாத்தான் எனக்கு ஜெயிச்ச மாதிரி. இல்லேன்னா அந்த மெடல் எனக்கு எதுக்கு?"

தி என்றால் அக்கா. வயதில் ஒரு வருடம் சின்னவளை அக்கா என்று கூப்பிட்டாள். விளையாட்டாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

குழந்தைகள் பிடிவாதம் பிடித்தால் பெரியவர்கள்தான் ஏதாவது வழி செய்ய வேண்டும். நான் செய்தேன். இனி சொல்லப்போவது கொஞ்சம் தொழில் சம்பந்தப்பட்டது. மொழிபெயர்ப்பவர் அவசரப்படாமல் எழுதட்டும்.

எங்கள் வீட்டிலிருப்பது இரும்பு மேடைத் தராசு. பழைய ஆபீஸ் கட்டடத்தைக் காலிசெய்தபோது ஏலத்தில் எடுத்தது. மேடையில் ஆள் நிற்கலாம். மேலே ஒரு கோல், கோலின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியில் வட்டக் கல்லைத் தொங்கவிட வேண்டும். இதில் கணக்கு ஒன்றுக்கு நூறு. அதாவது "50 கிலோ" என்று எழுதியிருக்கும் வட்டக் கல்லின் உண்மையான எடை அரைக் கிலோதான். மீதியைக் கோலின் மேலுள்ள சின்னக் குண்டைத் தள்ளிப் பார்க்கலாம். இப்போது, அந்த வட்டக் கல்லின் அடியில் யாரும் பார்க்காமல் பதினான்கு கிராம் ஒட்டிக்கொண்டிருந்தால், மேடையில் நிற்பவர் எடையில் ஒரு கிலோ நானூறு கிராம் குறைத்துக் காட்டும். பழைய இரும்பு வாங்குபவர்கள் செய்கிற வேலை இது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் இப்படி ஒரு காந்தத்தைக் கைப்பற்றினேன். கேஸ் முடிந்த பிறகு அதை யாரும் கேட்கவில்லை. என் மேஜை டிராயரில் கிடந்தது. இருபது கிராம் இருந்தது. அரத்தால் ராவிப் பதினான்காக்கினேன். இரண்டு மாலை வேலை. ஜகதாம்பாள் என்ன சத்தம் என்று கேட்டாள், கதவுத் தாழ்ப்பாள் என்றேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

விற்பனைக்குப் பயன்படுத்தாத வீட்டுத் தராசுக்கு முத்திரை தேவையில்லை. அதில் நான் காந்தம் ஒட்டினாலும் கோலப்பொடி தூவினாலும் என் துறையின் சட்டத்தில் அது குற்றமாகாது. உங்கள் சட்டம் வேறு என்று தெரியும். ஒரு தகவலுக்காகச் சொன்னேன்.

தினமும் காலை ஐந்தரைக்கு இரண்டு பெண்களும் கீழே வருவார்கள். குண்டைத் தள்ளுவது நான், எண்ணைப் படிப்பது நான், நோட்டில் எழுதுவதும் நான். முதலில் மது. அவள் இறங்கி ஷூ மாட்டப் போனதும் கல்லைச் சரிசெய்வது போல் ஒரு விரலால் காந்தத்தை ஒட்டுவேன். பிறகு ஹர்ஷினி. அவள் இறங்கியதும் எடுத்துவிடுவேன். திடீரென்று ஒன்றரைக் கிலோ குறைந்தால் சந்தேகம் வரும் அல்லவா? அதனால் அவள் ஆபீஸ் வேலையாகப் புவனேஸ்வரத்துக்கு மூன்று நாள் போய் வந்த மறுநாள் தொடங்கினேன். நடுவில் மூன்று நாள் எண் இல்லாமல் இருந்தால் எந்த எண்ணும் பொருந்திவிடும்.

அன்றைக்கு அவளுக்கு ஒரே சந்தோஷம். "அங்கிள், நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஜகதாம்பாளைக் கட்டிக்கொண்டாள். அதுவரை ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த பெண் அன்று முழுசாக இரண்டு தோசை சாப்பிட்டது. பாவம், இப்பவாவது வயிறாரச் சாப்பிட்டுதே என்று ஜகதாம்பாள் பூரித்துப் போனாள். அந்த மகிழ்ச்சியில் என் பங்கும் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

பதினெட்டு நாள் இப்படி நடந்தது. நடுவில் ஒரு நாள் முகம் வாடி வந்தாள்.

"கிளப் தராசு ஒண்ணரைக் கிலோ கூடக் காட்டுது அங்கிள். ஆபீஸ் கீழ மெடிக்கல் கடையில ஒரு மிஷின் இருக்கு, அதுவும் அப்பிடித்தான் காட்டுது."

"அந்த ரெண்டுக்கும் முத்திரை இருக்கான்னு பார்த்தியா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வெட்கப்பட்டாள். "ஸாரி அங்கிள். உங்ககிட்டப் போய்ச் சொல்றேன் பாருங்க," என்றாள்.

நான் கேள்விதான் கேட்டேன். இரண்டு தராசு ஒன்றையே சொல்லும்போது மூன்றாவதை நம்பியது அவளுடைய முடிவு. வேறு எந்த வீட்டிலாவது தங்கியிருந்தால் அவள் கிளப் தராசை நம்பியிருப்பாள். தராசுத் துறை இன்ஸ்பெக்டர் வீட்டில் தங்கியிருந்ததால் என்னை நம்பினாள். சர்வீஸில் எனக்கு இதைப் போன்ற மரியாதை கிடைத்ததில்லை என்று அன்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

மே பதினெட்டாம் தேதி காலை எட்டு முதல் பத்து மணி வரை எடை பார்க்கும் நேரம். தராசைச் சோதித்துத்தர அமைப்பாளர்கள் வருடா வருடம் என்னைக் கூப்பிடுவார்கள். சம்பளமில்லாத வேலை, ஒரு டீயும் சிங்காடா என்கிற சமோசாவும் தருவார்கள். அன்றும் ஏழு மணிக்கே போய், முத்திரையிட்ட எடைக்கற்களை ஒன்றொன்றாக எல்லோர் முன்னிலையிலும் ஏற்றி இறக்கினேன். டிஜிட்டல் தராசு, கடுகளவு பிசகில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்தத் தராசை நான் எதுவும் செய்யவில்லை. எழுபது வீராங்கனைகள் ஏறும் தராசில் கை வைக்கும் அளவுக்கு நான் தரம் தாழ்ந்தவனல்ல.

மது ஏறினாள். 51.6. அடுத்து ஹர்ஷினி. முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அவள் தண்ணீர் குடிக்கவில்லை. விடியற்காலையில் வீட்டில் 52.0 என்று என் குரலால் கேட்டுவிட்டு வந்தவள். இங்கே 53.4 என்று காட்டியது. இறங்கி, மறுபடி ஏறினாள். அதே 53.4. நல்ல தராசு அப்படித்தான் காட்டும்.

என்னைப் பார்த்தாள். "அங்கிள், வீட்ல சரியா இருந்துச்சே."

"இது சரியான தராசும்மா. நானே சோதிச்சேன்," என்றேன்.

"அப்ப வீட்டுத் தராசு?"

"அதுக்கும் வயசாயிடுத்து," என்றேன். தராசுக்கும் வயதாகும், அது பொய்யல்ல.

பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஸ்மிதா. பத்து மணி வரை நேரமிருக்கிறது, அதற்குள் குறைத்துக்கொண்டு வரலாம், இல்லாவிட்டால் இப்போதே ஐம்பத்தாறில் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றார். நான் எதிர்பார்த்த இடத்துக்கு விஷயம் சரியாக வந்து நின்றது. ஐம்பத்தாறு என்று அவள் சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும், நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவள் மதுவைப் பார்த்தாள். மது அவளைப் பார்த்தாள். "கொறச்சிட்டு வர்றேன்," என்றாள். இது என் திட்டத்தில் இல்லாத ஒன்று. இருபத்து நான்கு வயதுப் பெண் இவ்வளவு பிடிவாதமாக இருப்பாள் என்று யார் கண்டார்கள்.

வியர்வைக்காகப் போடும் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு அரங்கத்துக்கு வெளியே காலரிப் படிகளில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். கல்கத்தாவில் மே மாத வெயில் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மது கூடவே ஓடினாள். கையைப் பிடித்துக்கொண்டு, வங்காளியில் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு. நான் நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 9.20க்கு வந்து ஏறினாள், 52.7. மறுபடி போனாள். 9.50க்கு வந்தபோது மது அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். 52.1.

ஸ்மிதா பேனாவை எடுத்துவிட்டார். "ஆரே பாலாதா, ஏக்ஷோ கிராம். நூறு கிராம்தானே, விடுங்க. தராசுக்கே அவ்வளவு பிசகு இருக்கும்."

"நான் சோதிச்ச தராசில இருக்காது," என்றேன்.

இந்த இடத்தைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். வீட்டில் ஆயிரத்து நானூறு கிராம் திருடியவர் அங்கே நூறு கிராமை ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்றார். அவருக்குப் புரியவில்லை. வீட்டுத் தராசு வேறு, இது வேறு. இதில் என் கையெழுத்து இருக்கிறது. அந்த நேரத்தில் காந்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார். சொன்னால் அவள் எடை குறைந்திருக்குமா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

பத்து நிமிடம் பாக்கி இருந்தது. மறுபடி படிக்கட்டுக்குப் போனாள். 9.57க்கு, மூன்றாவது சுற்றில், மேல் படியில் உட்கார்ந்தாள். களைப்பில் உட்கார்ந்தாள் என்று நினைத்தேன். மது கத்தியது உள்ளே வரை கேட்டது. மறுநாள் பிற்பகல் 3.40க்கு ஹர்ஷினி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். உடம்பில் தண்ணீர் இல்லை, சூடு நாற்பத்திரண்டு டிகிரி, சிறுநீரகம் முதலில் நின்றது, பிறகு மற்றவை என்று டாக்டர் விளக்கினார். நல்ல டாக்டர், எண்களைத் தெளிவாகச் சொன்னார்.

ஊரிலிருந்து அவளுடைய அப்பா கோவிந்தராஜன் வந்தார். மதுவின் உயரம்தான் இருப்பார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்க வீட்ல இருக்கான்னு நாங்க நிம்மதியா இருந்தோம் சார். கடைசி வரைக்கும் கூடவே இருந்திருக்கீங்க," என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும், இதை நீங்கள் நம்ப வேண்டும். விமானத்தில் அனுப்பப் பெட்டியைச் சரக்கு அலுவலகத்தில் எடை போட்டார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். அந்தத் தராசின் முத்திரை காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்தவரிடம் சொன்னேன். கோவிந்தராஜன் அதைக் கேட்டுக்கொண்டே ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

மது ரிங்கில் ஏறவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு கிலோவில் இப்போது போகப்போவது ஹவுராவைச் சேர்ந்த ஒரு பெண். அவளுடைய இயல்பான எடை ஐம்பத்தேழு என்று கேள்விப்பட்டேன்.

என் பிழை ஒன்றுண்டு. அன்று காலை கிளம்பும் அவசரத்தில் காந்தத்தைக் கல்லிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மது என்ன நினைத்தாளோ, தனியாகப் போய்த் தராசில் ஏறியிருக்கிறாள். 50.1 காட்டியிருக்கிறது. சாப்பிடாததால் இளைத்துவிட்டோம் என்று நினைத்தாளாம். கிளப்புக்குச் சாமான்களை எடுத்துவரப் போனவள் அங்கேயும் ஏறியிருக்கிறாள், 51.5. ஒரு கிலோ நானூறு. அவள் என் மகள், கழித்தல் நன்றாக வரும். வீட்டுக்கு வந்து கல்லைத் திருப்பிப் பார்த்தாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அப்பா, இது என்ன?"

"காந்தம்," என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்களாம், வக்கீல் சொன்னார். ஜகதாம்பாளும் என்னைப் பார்க்க வரவில்லை. அவளுக்கு முட்டிவலி, இங்கே மாடிப்படி அதிகம்.

ஆக, காந்தத்தை ராவியது நான், ஒட்டியது நான், பதினெட்டு நாள் எண்ணைக் குறைத்துப் படித்தது நான். இதை எந்த வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். சாவை நான் நினைக்கவில்லை. சரியான பிரிவில் அவளை நிறுத்த நினைத்தேன், அவ்வளவுதான்.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டீர்கள். யாரும் என்னிடம் கேட்காத ஒன்று இருக்கிறது. அந்த 52.1 பற்றி. ஹர்ஷினிக்கு நீளமான தலைமுடி. கொண்டையாகப் போட்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஓடியதில் அது குளித்துவிட்டு வந்தது போல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவ்வளவு ஈரம் எத்தனை எடை இருக்கும் என்று முப்பத்தோரு வருட அனுபவத்தில் எனக்குப் பார்த்தவுடன் தெரியும். நூற்றைம்பது கிராமுக்குக் குறையாது. அவிழ்த்து ஒரு தடவை துவட்டியிருந்தால் 52க்கு உள்ளே வந்திருப்பாள். அவள் இறங்கிய பிறகு தராசுத் தட்டில் சொட்டியிருந்த ஈரத்தை நான்தான் துடைத்தேன், அடுத்தவர் எடையில் அது சேர்ந்துவிடக் கூடாது அல்லவா. துண்டு என் தோளில்தான் இருந்தது. அவள் கேட்டிருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன்.